மெட்டு ஏறாத புத்தகங்கள்

போடிநாயக்கனூரிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் விடியும் முன்பே ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. தூக்குவாளியும் தலைத்துணியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ தாண்டி கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குப் போகிறார்கள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் உச்சியில் இருப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரத்தில்தான் காய்க்கிறது. அதனால் காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோ இருக்க வேண்டும். முற்றிய காயை மட்டும் விரல்நுனியால் எடுத்து, பிஞ்சையும் பூவையும் அதே சரத்தில் விட்டு நகர வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அதே தூருக்குத் திரும்பி வர வேண்டும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய், ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் காய்ந்தால் 1 கிலோ ஏலக்காய். அது மலையிறங்கி போடிக்கு வந்ததும் மறுபடியும் பெண்கள் கைக்குத்தான் வருகிறது. சலித்து மில்லிமீட்டர் கணக்கில் அளவு பிரித்த பிறகு, வெடித்தது, பூச்சி அரித்தது, நிறம் மங்கியது என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்குவது அவர்கள் வேலை. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு இது. ஒடுக்கப்பட்ட பெண்களும் திருநங்கையரும் எழுதிய பெண்ணிய நூல்களில் எவற்றைப் பரிந்துரைக்கலாம் என்ற கேள்வியை இந்தப் பெண்களையும், இவர்கள் படிக்கவைத்த மகள்களையும் முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படிக் கேட்டால் நமக்குப் பழக்கமான பட்டியல் வரிசை மாறுகிறது.

இத்தகைய பட்டியல்களுக்கு அமெரிக்காவில் ஒரு போராட்ட வரலாறு உண்டு. கருப்பினப் பெண்கள் 1977இல் வெளியிட்ட காம்பஹீ ரிவர் கூட்டமைப்பின் அறிக்கை, வெள்ளைப் பெண்களின் விடுதலைப் பேச்சில் இனமும் வர்க்கமும் விடுபட்டுப்போவதை எடுத்துச் சொன்னது. தங்கள் புத்தகங்களைப் பிறர் போட மாட்டார்கள் என்பதைக் கண்ட ஆட்ரி லார்டும் பார்பரா ஸ்மித்தும் 1980இல் ‘கிச்சன் டேபிள்’ என்ற பதிப்பகத்தையே தொடங்கினார்கள். வெள்ளையர் அல்லாத பெண்கள் எல்லோரையும் ஓரணியில் சேர்க்கும் ‘நிறத்தவர்’ என்ற பெயர் அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கணக்கு தப்பிவிடும். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நியூயார்க் போய்ச் சேரும் எந்தச் சாதிப் பெண்ணும் அங்கே நிறத்தவர்தான். ஊரில் அவருடைய வீட்டு முற்றத்தைப் பெருக்கியவரின் மகளும் அங்கே அதே வரிசையில்தான் எண்ணப்படுவார். அந்த வரிசை இருவருக்கும் நடுவில் இருக்கும் சாதி இடைவெளியைக் காட்டாது. அந்த இடைவெளியைத்தான் 1995இல் அரசியல் அறிஞர் கோபால் குரு, தலித் பெண்கள் வேறாகப் பேசுகிறார்கள் என்ற தம் கட்டுரையில் கணக்கில் எடுத்தார். தலித் பெண்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானதும் அதே ஆண்டுதான். நம் பட்டியலுக்கு வேண்டிய அளவுகோல் சாதி. அதோடு, சாதி ஒருத்தியின் உடம்பில் என்ன வேலையாக இறங்குகிறது என்பதும்.

தமிழில் பெண்ணிய நூல்களைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் 2000க்குப் பிந்தைய கவிதைகளிலிருந்து தொடங்குவார்கள். சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோரின் வரிசை அது. 2002இல் வெளிவந்த குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்புக்கு எழுந்த கூச்சல் அந்தக் கவிதைகளின் தேவையையே நிரூபித்தது. துவரங்குறிச்சி வீட்டுக்குள்ளிருந்து எழுதிய சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’, ராவுத்தர் குடும்பங்கள் நிறைந்த கம்பம், உத்தமபாளையம் பகுதிப் பெண்களுக்கு அடுத்த தெருவின் கதைபோல இருக்கும். இவற்றில் எதையும் தள்ளச் சொல்லவில்லை நான். ஆனால் ஏலச்சரிவின் வாசகிக்கு முதலில் நீட்ட வேண்டியது 1994இல் வந்த பாமாவின் ‘சங்கதி’ என்பது என் தீர்ப்பு. பாமா பிறந்த ஊர் வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டி. போடியைப் போலவே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். தம் தன்வரலாறான ‘கருக்கு’ நூலையே அவர் ஊரைச் சுற்றியுள்ள மலைகளிலிருந்துதான் தொடங்குகிறார். ‘சங்கதி’யில் தனி நாயகி கிடையாது. தெருவில் பேசிக்கொள்ளும் பெண்களின் பேச்சே நாவலாகிறது. அதில் வரும் மாரியம்மா விறகு கட்டித் தலையில் சுமந்து வரும் வழியில் தாகத்துக்குப் பம்புசெட்டில் இறங்குகிறாள். தோட்டத்துக்காரர் கையைப் பிடித்து இழுக்கிறார். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். தன் மானம் போய்விடுமோ என்று பயந்த அந்த ஆள் முந்திக்கொண்டு, அவளும் தெருப் பையன் ஒருவனும் தப்பாக நடந்துகொண்டதாகக் கதை கட்டுகிறார். ஊர்க்கூட்டம் ஆண்கள் கூட்டம். அபராதம் விதிக்கிறார்கள், பையனுக்கு ஒரு தொகை, அவளுக்கு அதைவிடக் கூடுதல். இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் கூலி இருக்கிறது, சாதி இருக்கிறது, சொந்தத் தெரு ஆண்களின் அதிகாரம் இருக்கிறது. எதையும் எதிலிருந்தும் பிரிக்க முடியாதபடி இருக்கிறது. மைக்கண்ணி என்ற சிறுமி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ச் சம்பாதிக்கும் பகுதியைப் படிப்பவர், பள்ளி நாளில் தோட்டத்துக்குப் போன பிள்ளைகளை நினைக்காமல் இருக்க மாட்டார்.

பாமாவின் மொழி கொச்சை, இலக்கியத் தரம் இல்லாதது என்று தொடக்கத்தில் சொன்னவர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு யாருடைய காதிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். விருதுநகர் மாவட்டத்துப் பேச்சும் தேனி மாவட்டத்துப் பேச்சும் ஒன்றல்ல, ஆனால் பங்காளிகள். பாடப்புத்தகத் தமிழோடு மல்லுக்கட்டும் ஒருத்திக்கு, பாட்டியின் வாயிலிருந்து வருவதுபோன்ற தமிழில் ஒரு அச்சுப் புத்தகம் இருக்கிறது என்பதே பெரிய செய்தி. அந்த நடை வாசகியைப் புத்தகத்துக்குள் இழுக்கிற கதவு. விமர்சகர்கள் அதைத் தடையாகக் கண்டார்கள். வெளிநாடுகளில் ‘கருக்கு’ பெயர் பெற்றது லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பால். ஆனால் மூலத்தின் அந்த உச்சரிப்பு முழுசாகக் கேட்பது இந்த மலையடிவாரத்துக் காதுகளுக்குத்தான்.

அடுத்து ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’. 1989இல் வெளிவந்தது. தலித் தலைவர் ஒருவரின் வீட்டுக்குள், மனைவிகள் மீதும் மகள் மீதும் அவர் செலுத்தும் அதிகாரத்தை மகளின் கண்ணால் பார்க்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் குறையை வெளியே சொல்லலாமா, அது எதிரிக்குத்தானே ஆயுதமாகும் என்று அன்று கேட்டார்கள். அந்தக் கேள்வியை அலட்சியமாக ஒதுக்க முடியாது. சாதி வெறுப்பு கொண்டவர்கள் எந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சம் நியாயமானது. சிவகாமி அதற்குச் செய்தது நேர்மையான காரியம். தம் நாவலையே மறுபடி விசாரித்து ‘ஆசிரியர் குறிப்பு’ என்று இன்னொரு நூல் எழுதினார். மௌனம் காத்திருந்தால் அந்த மௌனத்தின் விலையை யார் கொடுத்திருப்பார்கள்? வீட்டுக்குள் இருந்த பெண்கள். ஜீப்பிலிருந்து பொழுது சாய இறங்கி அடுப்பு மூட்டப் போகும் பெண்ணிடம், முதலாளியைப் பற்றி மட்டும் பேசு, புருஷனைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல எந்த இயக்கத்துக்கும் உரிமை இல்லை.

திருநங்கையரின் எழுத்துக்கு வருவோம். அ. ரேவதி முதலில் தம் கதையை எழுதவில்லை. பிற திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ என்ற நூலாக்கினார். பிறகு எழுதிய தன்வரலாறு, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் வெளியானது. தமிழில் ‘வெள்ளை மொழி’யாக வந்தது 2011இல். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் தொடங்கிய, தமிழிலேயே எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை, தமிழ் வாசகருக்கு முன்பே ஆங்கில வாசகரைச் சேர்ந்துவிட்டது. புத்தகங்கள் எந்தப் பாதையில் பயணம் செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இல் வந்தது. திருச்சியில் நகராட்சித் துப்புரவுத் தொழிலாளியின் குழந்தையாகப் பிறந்து, மொழியியலில் முதுகலை முடித்தவர் அவர். அந்த நூலைத் தழுவிய ‘நானு அவனல்ல, அவளு’ என்ற கன்னடப் படத்துக்காக சஞ்சாரி விஜய் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். மதுரையில் இயங்கும் பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ 2008இல் வந்த நாவல். அதே ஆண்டு தமிழக அரசு திருநங்கையர் நலவாரியத்தை அமைத்தது. அரசாணையும் இலக்கியமும் ஒரே காலத்தில் ‘திருநங்கை’ என்ற மரியாதையான சொல்லை ஊன்றின.

பெண்ணியப் பட்டியலில் திருநங்கையரை ஏன் சேர்க்க வேண்டும், அவர்கள் துன்பம் வேறு, பெண்களின் துன்பம் வேறு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேறு என்பது சரி. மாதவிலக்கும் பேறும் தோட்டக் கூலிப் பெண்ணுக்குத் தரும் பாட்டை ரேவதி எழுத முடியாது. அவர் எழுதவும் முயலவில்லை. ஆனால் வேலை என்ற இடத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன. தோட்டத்தில் பெண் உடம்பு மலிவான உழைப்புக்காகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. ஆணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டுப் பெண்ணாக வாழத் துணிந்த உடம்புக்கோ எல்லா வேலைக் கதவுகளும் சாத்தப்படுகின்றன. கடைகடையாகப் போய்க் காசு கேட்பதும் பாலியல் தொழிலும் மட்டும் மிஞ்சுகின்றன. பெண்மை என்பதற்குச் சந்தையும் குடும்பமும் போட்ட விலையைத்தான் இரண்டு தரப்பும் சுமக்கின்றன. ‘வெள்ளை மொழி’யில் வீட்டார் அடித்த அடியும் முடியை வெட்டிய கொடுமையும் வரும் பக்கங்களைப் படிக்கும் எந்தப் பெண்ணும், சாதி மாறிக் காதலித்த மகளுக்கு வீடுகளில் நடப்பதை அதில் கண்டுகொள்வாள். ரேவதி பின்னர் நந்தினி முரளியிடம் சொல்லி ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில் திருநம்பியரின் கதைகளுக்கும் இடம் கொடுத்தார். பெண்ணாகப் பிறந்ததாகக் கருதப்பட்டு, கல்யாணத்துக்கு நெருக்கப்பட்டு ஊரைவிட்டு ஓடும் பிள்ளைகள் பெண்ணியத்தின் வாசலில்தான் முதலில் வந்து நிற்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்தி எந்தப் பட்டியலையும் முடிக்க முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. எழுதியவரின் பிறப்பைப் பார்த்துப் புத்தகத்தைப் பரிந்துரைப்பது இலக்கியத்துக்குச் செய்யும் அநீதி, அக்கறையுள்ள எவரும் எவரைப் பற்றியும் எழுதலாம் என்பது அது. எழுதலாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969இல் எழுதிய ‘ரெட் டீ’, இரா. முருகவேளின் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ ஆகி, பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு ஆதாரமானது. தோட்டத்து மண்ணுக்கு அடியில் கிடந்த பிணங்களை வெளியே எடுத்த நூல் அது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் இந்த ஏலமலைப் பாதைகளையே திரைக்குக் கொண்டுவந்தது. ஏல மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் மனிதர்களை அவ்வளவு பொறுமையாகத் தமிழ் சினிமா அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் படத்தின் நடுவில் இருப்பது ஓர் ஆணின் நிலக்கனவு. மருத்துவரின் நாவலில் பெண்கள் பெரும்பாலும் துன்பத்துக்கு ஆளாகிறவர்களாகவே வருகிறார்கள். ‘சங்கதி’யில் அவர்கள் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், பாட்டுக் கட்டுகிறார்கள், பேய் ஓட்டுவதைக் கேள்வி கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள். உள்ளே இருந்து எழுதும்போது கிடைக்கும் இந்த முழுமைதான் இலக்கியத் தரம். பிறப்புக்குக் கொடுக்கும் சலுகை என்று இதைச் சொல்ல முடியாது. சமூகவியலாளர் ஷர்மிளா ரேகே 1998இல் ஓர் எச்சரிக்கையும் செய்தார். தலித் பெண்கள் பற்றித் தலித் பெண்களே பேசட்டும் என்று விட்டுவிட்டால், மற்றவர்கள் தங்கள் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவார்கள் என்பது அதன் சாரம். ஆகவே மற்றவர்கள் எழுதுவதையும் படிப்போம். ஆனால் யாரை முதலில் வைப்பது என்று கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்வோம். பட்டியலிலிருந்து நீக்குபவர்கள் ஒளிப்பதில்லை. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலைப் பாடத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் எழுத்துகளையும் மகாஸ்வேதா தேவியின் ‘திரௌபதி’யையும் எடுத்தது. ராணிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியையான சுகிர்தராணியின் கவிதை தலைநகரில் ஒரு குழுவுக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது என்றால், அது எங்கே படிக்கப்பட வேண்டுமோ அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை என்பது நம் தவறு.

இத்தனை சொன்ன பிறகும், நான் சொன்ன பெயர்களில் ஏலத்தோட்டப் பெண் எவரும் இல்லை. மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்ததை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை, எல்லாக் கட்சி ஆண்களையும், கிட்டே வரவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தில் 232 ரூபாய்க் கூலிக்கு அவர்கள் கொடுத்த விளக்கம் ஒவ்வொன்றும் பெண்ணியக் கோட்பாட்டின் ஓர் அத்தியாயம். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தேன், கூடை எத்தனை கிலோ, அட்டை எங்கே கடித்தது, பிள்ளைக்கு என்ன கொடுத்தேன் என்று மைக்கின் முன்னால் அவர்கள் தமிழில் அடுக்கியதைத் தொலைக்காட்சிகள் காட்டின. அது புத்தகமாகப் பரிந்துரைப் பட்டியல்களில் வந்து உட்காரவில்லை. இலங்கை மலையகத்தில் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பாட்டெழுதி அச்சிட்டுப் பாடியதை நினைத்தால் இந்தக் குறை இன்னும் உறைக்கிறது. அங்கே கூலி வாழ்க்கையிலிருந்து ஓர் இலக்கியப் பரம்பரையே கிளைத்திருக்கிறது. போடி மலையில் தோட்டங்கள் உரிமையாளர் பலரிடம் சிதறிக் கிடக்கின்றன. வேலைக்கு வருபவர்கள் லயத்தில் ஒன்றாகக் குடியிருப்பதைவிட, காலையில் ஏறி மாலையில் இறங்குவதே அதிகம். சேர்ந்து பேச நேரம் ஜீப்பில் மட்டும்தான். எழுத்து பிறக்க இதுவும் ஒரு தடை. எனவே பரிந்துரைப்பவரின் வேலை இருக்கிற புத்தகங்களை வரிசைப்படுத்துவதோடு முடிவதில்லை. ரேவதி தம் தோழியரிடம் கேட்டு எழுதியதைப்போல, இந்தச் சரிவிலும் யாராவது ஒருத்தி தன் கூட்டத்தாரிடம் கேட்டு எழுத வேண்டும். அதற்கு அவள் கையில் முன்மாதிரியாக ‘உணர்வும் உருவமும்’ இருக்க வேண்டும்.

படிக்க அவர்களுக்கு ஏது நேரம் என்பது கடைசியாக எல்லோரும் கேட்பது. அக்கறையோடுதான் கேட்கிறார்கள், ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள். போடியில் ஓட்டுவீட்டுக்கு வரி கட்டும் பெண் நூலகத்துக்கும் கட்டியிருக்கிறாள். கிளை நூலகத்தில் ‘சங்கதி’யும் ‘வெள்ளை மொழி’யும் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு அவளுக்கு ரசீதே இருக்கிறது. மெட்டுக்கு மேலே நிலைமை வேறு. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே நூலக இயக்கம் வலுவானது, ஆனால் அதன் மொழி மலையாளம். மலைமேலேயே தங்கி வேலை பார்க்கும் தமிழ்ப் பெண் இரண்டு மாநிலத்து அலமாரிகளுக்கும் நடுவில் விழுகிறாள். இதற்கும் ஒரு வழியைக் கேரளமே காட்டியிருக்கிறது. கண்ணூர் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள், கை பீடி சுற்ற, ஒருவர் மட்டும் நாளிதழையும் புத்தகத்தையும் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். படிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுத்தார்கள். கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் இந்த வழக்கம் 1865இலேயே தொடங்கியது. எந்த நூலைப் படிப்பது என்று தொழிலாளர்களே முடிவு செய்தார்கள். போடியில் தரம் பிரிக்கும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கண்ணுக்கும் விரலுக்கும் ஓய்வில்லை. காது சும்மா இருக்கிறது. கல்லூரிக்குப் போகும் மகள் ஒருத்தி விடுமுறை நாளில் அரைமணி நேரம் ‘சங்கதி’யை வாய்விட்டுப் படித்தால் போதும், அந்த நாவல் பேசுவதற்காகவே எழுதப்பட்டது. மாரியம்மாவுக்கு அபராதம் போட்ட பக்கம் வரும்போது பொறுக்கும் கைகள் ஒரு நிமிடம் நிற்கும். பிறகு யாராவது ஒருத்தி, இதைவிடப் பெரிய கதை என்னிடம் இருக்கிறது என்று ஆரம்பிப்பாள். அதை எழுதிக்கொள்ள அந்த மகளிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.